கிடங்கும் கோடவுனும்

பினாங்குத் துறைமுகத்தை அடுத்த பண்டகசாலைகளை ஆங்கிலேயர் ‘கோடவுன்’ என்றனர். ‘கீழே செல்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரே இச்சொல்லாயிற்று எனக் கருதும் மாணவர் உளர். அது பிழை. யூலும், தஞ்சையில் நீதிபதியாய் இருந்த பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஆப்சன்-ஜாப்சன்’ அகராதி இதனை மலாய் மொழிச் சொல்லோடும், தமிழ்க் ‘கிடங்கு’, தெலுங்குக் ‘கிடங்கி’ என்பவற்றோடும் இணைத்துக் காட்டுகிறது. மலாயில் அது ‘குடாங்’. கிட என்னும் வினையடியாகப் பிறந்த கிடங்கு, சங்க நூல்களில் அகழியைக் குறித்தது. பின்னரே சரக்குக் கிடக்கும் இடமாயிற்று. பினாங்கு வீதியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய கூடத்திற்கும் ‘கிட்டங்கி’ என்றே பெயர். அங்கு இருந்தவையோ மூட்டைகளல்ல, பெட்டகங்களும் கணக்கேடுகளுமே! கடல் சுற்றித் திரும்பிய இச்சொல்லைக் ‘குடோன்’ என எழுதி, ஆங்கிலம் கலந்துவிட்டதாக வருந்துவோரும் உளர்.