காது வரை இழுத்தால் போதுமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் உருவாகும் பாகங்கள் ஒரே அளவில் உள்ளனவா என்று கேஜ் வைத்துச் சோதிக்கிறார்கள். வில்லாளிக்கும் அப்படியொரு கேஜ் தேவை என்பதை நீங்கள் அறிவீர்களா?

நாணை 20 அங்குலம் இழுப்பவர், ஒருமுறை 19 அங்குலத்திலேயே விட்டுவிட்டார் என்று கொள்வோம். வில்லில் சேரும் ஆற்றல் ஏறக்குறைய இழுப்பின் வர்க்கத்திற்கேற்ப மாறுவதால், அது சுமார் 10 சதவீதம் குறைந்துவிடும். குறி சரியாக இருந்தும் அம்பு கீழே போய்த் தைக்கும்.

நம் நாட்டில் பண்டைக்காலத்தில் காதையே அளவாகக் கொண்டனர். 'ஆகர்ணம்' என்ற வடசொல்லுக்குக் 'காது வரை' என்பது பொருள். ஆனால் வில்லேந்திய கை சற்று மடங்கினாலும் இழுப்பு குறையும். காது அதைக் காட்டிக்கொடுக்காது.

சீனத் தளபதி சீ ஜிகுவாங் 1560ஆம் ஆண்டளவில் எழுதிய போர்ப் பயிற்சி நூல் இதற்கு வழி சொன்னது. அம்பு முனை, வில் பிடித்த கையின் விரலைத் தொட வேண்டும். கண்ணால் பாராமல் விரலே அதை உணர வேண்டும். இவ்வாறு அம்பின் நீளமே அளவுகோலாயிற்று.

இன்றைய ஒலிம்பிக் வீரர்களின் வில்லில் 'கிளிக்கர்' என்னும் மெல்லிய தகடு உண்டு. அம்பு முனை அதைத் தாண்டியதும் 'டிக்' என்று ஒலிக்கும். உடனே நாணை விடுவர். விரல் செய்த வேலையை இப்போது காது செய்கிறது! தோள் வலிமை மட்டும் போதாது. மாறாத அளவே அம்பை இலக்கில் சேர்க்கிறது.