உஹுருவும் விடுதலையும்

1963 டிசம்பர் 12 அன்று கென்யா ஆங்கிலேயர் ஆட்சியினின்று நீங்கியபோது, அந்நாட்டு மக்கள் முழங்கிய சொல் ‘உஹுரு’ என்பதாகும். சுவாகிலி மொழியில் அதற்கு விடுதலை என்று பொருள். அரபு மொழியின் ‘ஹுர்’ என்னும் சொல்லினின்று ‘ஹுரு’ பிறந்தது. முன்னே ‘உ’ சேரப் பண்புப்பெயராயிற்று. ஹுர் என்பவன் யார்? அடிமை அல்லாதவன். சான்சிபார்த் தீவில் 1873 வரை மனிதரை விலைகூறி விற்ற சந்தை இருந்தது. அத்தகைய கரையில் வழங்கிய சொல், கொடியேற்றத்திற்கு உரியதாகுமுன் அடிமைத்தளை நீங்கிய மனிதனுக்கு உரியதாயிருந்தது.

நம்மிடம் இரு சொற்கள் உள்ளன. சுதந்திரம் வடசொல். செங்கற்பட்டுச் சீமையின் பழைய மிராசு வழக்கில், களத்து நெல்லில் பெறும் பங்குரிமைக்கே அப்பெயர் வழங்கியது. ஊர் ஊழியம் செய்த நம்மவர்க்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு. ஆயினும் மேலுரிமை மிராசுதாரருடையதே. தமிழ் விவிலியமும் பரம்பரைச் சொத்தைச் சுதந்தரம் என்றே குறிக்கிறது. எனவே, அதனை உடையவன் சொல் என்பேன்.

விடுதலையோ ‘விடு’ என்னும் பகுதியிற் பிறந்தது. கட்டு இருந்தாலன்றி விடுவதற்கு இடமில்லை. உஹுருவுக்கு நெருங்கிய உறவு இதுவே.

1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை உடைமையைச் சட்டம் ஏற்காது என்றது. ஆயினும் கடனுக்கு ஆட்பட்ட படியாள் அவ்வாறே இருந்தான். அந்நாளில் பூவிருந்தவல்லி, அம்பத்தூர், ஆவடி யாவும் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அதன் ஆட்சித் தலைவர் திரமென்ஹீர், சேரி மக்களின் நிலைபற்றி அரசுக்கு விரிவானதோர் அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனையும் மிராசுதாரர் வசமிருந்தமையால், எதிர்த்துப் பேசியவன் குடிசையை இழக்க நேர்ந்தது. சட்டம் விட்டாலும் மனை விடவில்லை! வீடு என்பதும் ‘விடு’ என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயரே என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். முத்திக்கும் இல்லத்திற்கும் அது பொதுப்பெயர். நம் முன்னோர்க்கு இரண்டாவது வீடே எட்டாதிருந்தது.

அவ்வறிக்கையின் பயனாக 1892இல் 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் அறிவது அதன்வழி வந்ததே. முதற் பத்தாண்டுகள் அதனை எவர்க்கும் விற்றலாகாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்கன்றிப் பிறர்க்கு விற்றல் செல்லாது. இருந்தும், பல ஊர்களில் அந்நிலம் கைமாறியுள்ளது. நம் இளைஞர்கள் தத்தம் ஊரின் ‘அ’ பதிவேட்டைப் பார்வையிட்டு, அத்தகைய நிலம் எந்தப் புல எண்ணில் உள்ளது, இன்று எவர் பெயரில் உள்ளது எனக் குறித்து வருதல் வேண்டும்.