கியூபெக் பாலமும் தாமதித்த ஒரு தந்தியும்

போன கிழமை ஒரு வாப்பா பாடசாலைக்கு வந்திருந்தார். மகனுக்குப் பொறியியல் பீடம் கிடைத்திருக்கிறது. நன்றி சொல்லிவிட்டுப் போகும்போது, "இனி அவனுக்கு இங்கிலீஷ், கட்டுரை, பேச்சு ஒன்றும் தேவையில்லை சேர். கணக்குப் பிழைக்காமல் இருந்தால் போதும்" என்றார்.

அந்த நேரத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். இம்முறை பொறியியல் பீடங்களுக்குப் போகும் எல்லாப் பிள்ளைகளுக்கும்தான்.

கனடாவில், கியூபெக் நகருக்கு அருகில் சென் லோரன்ஸ் நதி ஓடுகிறது. 1900களின் தொடக்கத்தில் அதற்குக் குறுக்கே ஓர் உருக்குப் பாலம் கட்டத் தொடங்கினார்கள். ஆலோசகப் பொறியியலாளர் தியோடர் கூப்பர், அமெரிக்காவின் பெயர்பெற்ற பாலப் பொறியியலாளர்களில் ஒருவர். நடு இடைவெளி முதலில் 1,600 அடியாக இருந்தது. அவரது யோசனைப்படி அது 1,800 அடியானது. உலகிலேயே மிக நீளமான இடைவெளியாக அது அமையவிருந்தது.

நீளம் கூடினால் பாலத்தின் சொந்த நிறையும் கூடும். அந்த நிறையைப் புதிதாகக் கணக்கிட்டிருக்க வேண்டும், செய்யவில்லை. உண்மையான நிறை கணித்ததைவிட அதிகம் என்று 1906இல் தெரியவந்தபோது, உருக்கு வேலையில் பெரும்பகுதி முடிந்திருந்தது. தாங்கும் என்று கூப்பர் ஏற்றுக்கொண்டார்.

இதுவரை நடந்தது கணக்குப் பிழை. அந்த வாப்பா சொன்னது இந்த இடம் வரைக்கும் சரிதான். ஆனால் அந்தப் பிழையைப் பிடிக்கச் சந்தர்ப்பங்கள் இருந்தன. அவை ஏன் தவறின என்பதுதான் கதை.

முதலாவது சந்தர்ப்பம் 1903இல் வந்தது. திட்டத்தை வேறொரு பொறியியலாளரும் பரிசீலிக்கட்டும் என்று கனடா அரசாங்கத் தரப்பில் யோசனை எழுந்தது. தனக்கு மேலே இன்னொருவரா என்று கூப்பர் எதிர்த்தார். அரசாங்கம் விட்டுக்கொடுத்தது. தன் வேலையைப் பிறர் பார்க்க விடுவதும் ஒரு திறன். பெரிய அறிவாளியான கூப்பரிடம் அது இருக்கவில்லை.

இரண்டாவது, தூரம். கூப்பர் இருந்தது நியூயோர்க்கில், உடல்நிலையும் சரியில்லை. உருக்கு வேலை தொடங்கிய பிறகு அவர் அந்த இடத்துக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. இறுதி வார்த்தை அவருடையது. பாலத்தில் நின்றவர்களில் எவருக்கும் தன் முடிவில் வேலையை நிறுத்திவைக்கும் துணிவும் அதிகாரமும் சேர்ந்து இருக்கவில்லை.

1907 ஓகஸ்ட்டில் பாலத்தின் கீழ்ப்பக்கத்தில் பாரம் தாங்கும் உறுப்புகள் வளையத் தொடங்கின. ஓர் உறுப்பில் ஏறக்குறைய முக்கால் அங்குலமாக இருந்த வளைவு, ஒரே கிழமையில் 2¼ அங்குலமாகியது. அதைக் கவனித்து அளந்தவர் நோர்மன் மெக்லூர். பல்கலைக்கழகம் முடித்துச் சில ஆண்டுகளே ஆன இளம் பொறியியலாளர். பாலம் கட்டிய கம்பனியோ, அந்த உறுப்பு பொருத்துவதற்கு முன்பே வளைந்திருந்தது என்று வாதிட்டது. வாதம் நடந்தது, வேலையும் நடந்தது.

மெக்லூர் கடிதம் எழுதினார். பிறகு தானே நியூயோர்க்குக்குப் புறப்பட்டுப் போனார். ஓகஸ்ட் 29, முற்பகலில் கூப்பரைக் கண்டு நிலைமையை விளக்கினார். கூப்பருக்கு ஆபத்து விளங்கியது. பாலத்தில் மேற்கொண்டு பாரம் ஏற்ற வேண்டாம் என்று உடனே தந்தி அடித்தார்.

ஆனால் தந்தி போனது பாலம் இருந்த கியூபெக்குக்கு அல்ல, பென்சில்வேனியாவில் இருந்த கம்பனியின் தலைமையகத்துக்கு! அங்கே அது பிற்பகலில் கிடைத்தது. மெக்லூரும் மாலையில் அங்கே போய்ச் சேர்ந்தார். கூடிப் பேசினார்கள். காலையில் பார்த்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள்.

அதே மாலை ஐந்தரை மணியளவில், வேலை முடியும் நேரத்தில், பாலம் சரிந்தது. எல்லாம் சில விநாடிகள்தான். அதில் நின்ற 86 பேரில் 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கனாவாக்கே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹோக் பழங்குடியினர். ஒரே மாலையில் ஒரு சிற்றூரில் எத்தனை வீடுகள் தகப்பனை இழந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விசாரணை ஆணைக்குழு 1908இல் அறிக்கை வெளியிட்டது. கூப்பரும், கம்பனியின் பிரதான வடிவமைப்பாளரும் எடுத்த தவறான முடிவுகளே காரணம் என்றது. மீண்டும் கட்டினார்கள். 1916இல் நடுப்பகுதியைத் தூக்கிப் பொருத்தும்போது அது நதியில் விழுந்து மேலும் 13 பேர் இறந்தார்கள். 1917இல்தான் பாலம் முடிந்தது. அந்த வகைப் பாலங்களில் இன்றும் உலகில் மிக நீளமான இடைவெளி அதற்குத்தான்.

கனடாவில் பொறியியல் முடிக்கும் மாணவர்கள் சிறுவிரலில் ஓர் இரும்பு மோதிரம் அணிவார்கள். 1925இல் தொடங்கிய வழக்கம். உடைந்த பாலத்தின் இரும்பில் செய்த மோதிரம் என்று பலர் சொல்வார்கள், அது உண்மையல்ல. ஆனால் எழுதும் கையில் போடுவதால், ஒவ்வொரு வரைபடத்தின் மேலும் அது உரசும். உன் வேலைக்கு அடியில் மனிதர்கள் நிற்கிறார்கள் என்று ஞாபகப்படுத்த அது போதும்.

ஆசிரிய கலாசாலையில் எங்களுக்கு ஒன்று சொல்லித் தந்தார்கள்: பாடத்தைச் சொல்லி முடித்தேனா என்று பார்க்காதே, பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார். அது பொறியியலாளருக்கும் பொருந்தும். பாலம் வளைகிறது என்ற உண்மை மெக்லூருக்குத் தெரியும், கூப்பருக்குத் தெரியும், கம்பனிக்கும் தெரியும். பாலத்தின் மேல் நின்றவர்களுக்கு மட்டும் அது நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

எனவே தம்பி, தங்கச்சிமாரே, இணைந்த கணிதத்தில் எடுத்த ஏ சித்தியை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. அதோடு, ஒரு பக்கத்தில் தெளிவாக அறிக்கை எழுதப் பழகுங்கள். மூத்தவர் முன் மரியாதையோடும் பயமில்லாமலும் "சேர், இது பிழை" என்று சொல்லப் பழகுங்கள். வேலைத்தளத்தில் நிற்கும் மேசன் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். நாளை நீங்கள் மூத்தவராகும்போது, உங்களிடம் "பிழை" என்று சொல்ல வருபவனுக்குக் கதவைத் திறந்து வையுங்கள்.

அந்த வாப்பா இதை வாசித்தால், மகனிடமும் காட்டுங்கள்.