தரங்கம்பாடிக்கு வராத குருவானவர்

தரங்கம்பாடி மிஷனின் தொடக்க வரலாற்றைப் பயில்வோர் சீகன்பால்கு, புளுட்சோ ஆகிய இருவரையும் நன்கறிவர். அங்கு வர அழைக்கப்பெற்றும் வராது நின்ற ஒருவரை அறிந்தோர் சிலரே. அவர் வேல்ஸ் நாட்டுக் குருவானவர் கிரிஃபித் ஜோன்ஸ் (1684–1761). சீகன்பால்குவுக்கு அச்சுப்பொறி அனுப்பி உதவிய கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தார் (எஸ்.பி.சி.கே.) இவரையும் அப்பணிக்கு நாடினர். முதலில் இசைந்த அவர், 1713-ஆம் ஆண்டளவில், தம் சொந்த நாட்டாரின் ஆன்மிக இருளைக் காரணங்காட்டி மறுத்துவிட்டார். இத்தகைய மறுமொழி கூறுவது எவர்க்கும் எளிது. அது மெய்யா, சாக்குப்போக்கா என்பதை அவருடைய பிற்கால வாழ்வைக் கொண்டே நாம் தீர்மானிக்க வேண்டும்.

1716-இல் அவர் கார்மார்தன்ஷயரிலுள்ள லான்தௌரோர் சபையின் பொறுப்பை ஏற்றார். வில்லியம் மார்கன் மொழிபெயர்த்த வெல்ஷ் திருமறை 1588-லேயே வெளிவந்திருந்தது. ஆயினும் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்துமுன் மக்களை வினாவியபோது, விசுவாசத்தின் முதற்பாடங்களையே பலர் அறியாதிருந்ததை அவர் கண்டார். ஆலயத்தில் நூல் இருந்தது. அதை வாசிக்கக் கற்றோர் சிலரே. 1727 முதல் 1731 வரை விளைச்சல் குன்றிக் கொள்ளைக் காய்ச்சலும் பரவியபோது ஏழை மக்கள் பலர் மாண்டனர். இளமை முதலே ஆஸ்துமாவால் வருந்திய அவருக்கு மரணத்தின் அண்மை புதிதன்று. இனியும் காலந்தாழ்த்தலாகாது என அவர் உணர்ந்தார்.

1731-இல் லான்தௌரோரில் பள்ளி தொடங்குவதற்காகச் சங்கத்தாரிடம் திருமறைப் பிரதிகளை வேண்டினார். அதிலிருந்து வளர்ந்ததே சுற்றுப்பள்ளித் திட்டம். உழவு வேலை குறைந்த மாதங்களில் ஆசிரியர் ஓர் ஊருக்குச் செல்வார். ஆலயத்திலோ களஞ்சியத்திலோ குடிசையிலோ மூன்று மாதம் கற்பித்துவிட்டு அடுத்த ஊருக்கு நகர்வார். பகலில் வர இயலாதவர்க்கு இரவில் பாடம். ஆசிரியரின் ஆண்டு ஊதியம் மூன்று நான்கு பவுனே. இத்துணைக் குறைந்த செலவில் பள்ளி நடந்ததற்கு இந்த எளிமையே காரணம்.

இத்திட்டத்தின் உயிர்நாடி மொழி. அதுகாறும் தென்வேல்ஸில் தருமப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலமே போதனா மொழி. பிள்ளைகள் பொருள் விளங்காச் சொற்களை மனப்பாடம் செய்தனர். ஜோன்ஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். முதலில் ஆங்கிலம், பின்பு வேதம் எனக் காத்திருந்தால், ஆங்கிலம் கைகூடுமுன்னே பலர் கல்லறை சேர்ந்திருப்பர் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒலிப்பும் எழுத்தும் பெரிதும் ஒத்துச் செல்லும் வெல்ஷ் மொழியில் சில மாதங்களிலேயே வாசிக்கப் பழகலாம். மொழிப்பற்று அவரிடம் இருந்தது உண்மையே. ஆயினும் மொழியைக் காப்பதற்கென அவர் பள்ளி நடத்தவில்லை. ஆத்துமாக்களைக் குறித்த அவசரத்தில் தொடங்கிய பணியே மொழியையும் காத்தது. வேல்ஸ் வரலாற்றாசிரியர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுவதுண்டு. நாம் பிரித்தே காண்பது நலம்.

அவர் இறந்த 1761-க்குள் 3,300-க்கு மேற்பட்ட பள்ளிகள் நடைபெற்றிருந்தன. அவற்றில் 1,50,000-க்கு மேற்பட்டோர் பயின்றனர். அக்காலத்து வேல்ஸின் மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்கு மிகாது. ஒருவரே இருமுறை சேர்ந்து எண்ணப்பட்டிருக்கலாம் என்று கழித்தாலும் இது வியத்தகு தொகையே. இரவுப் பள்ளியில் கற்ற முதியோரில் பலர் கணக்கில் வரவில்லை என்பதையும் நினைக்க வேண்டும். குறையும் உண்டு. வாசிப்பும் ஞானோபதேசமுமன்றி எழுத்தும் கணக்கும் அங்குக் கற்பிக்கப்படவில்லை. ஏழைகள் தம் நிலையை மீறி எழமாட்டார்கள் என அவர் செல்வருக்கு உறுதி கூறியது இன்று நமக்கு உவப்பாயில்லை. அவர்களுடைய காணிக்கையன்றிப் பள்ளிகள் நடவா என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருக்குப் பின் பிரிஜெட் பெவன் அம்மையார் 1779-இல் தாம் இறக்கும்வரை பள்ளிகளைத் தாங்கினார். பள்ளிகளுக்கென அவர் எழுதிவைத்த பெருந்தொகையை உறவினர் எதிர்த்து வழக்காடவே, பணம் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் முடங்கியது; பள்ளிகளும் மூடப்பட்டன. 1780-களில் பாலா ஊரில் தாமஸ் சார்லஸ் சுற்றுப்பள்ளிகளை மீண்டும் தொடங்கியபோது அந்த வழக்கு முடிந்தபாடில்லை.