பஞ்சாங்கமும் கணினிச் செயல்முறையும்

1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தோன்றிய ஒரு சந்திர கிரகணம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரும் வாதப்பொருளாயிற்று. அராலி விசுவநாத சாஸ்திரியார் தம் பஞ்சாங்கத்திற் குறித்த நேரமும் அளவும் ஒன்று. வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவர் டானியல் பூவர் பாதிரியார் கணித்தவை வேறு. இருவர் கணக்கினுள்ளும் புகுந்து பார்க்கப் பொதுமக்களால் இயலாது. கிரகணம் வரும்வரை காத்திருத்தலே வழி. வந்தபோது பூவர் கணக்கே வானத்தோடு ஒத்தது. அதனைப் பாதிரிமார் சமய வாதத்துக்கும் கருவியாக்கினர் என்பது வேறு கதை.

அக்காலத் தமிழ்க் கணிதர் பெரிதும் கையாண்டது வாக்கிய முறை. சந்திரனின் நாள்தோறுமான நிலையைக் கூறும் 248 வாக்கியங்கள் வரருசியின் பெயரால் வழங்குகின்றன. எழுத்துக்கு எண் ஏற்றும் கடபயாதி முறையில் அமைந்தமையால், வாக்கியத்தை மனனஞ் செய்தவன் அட்டவணை முழுவதையும் மனத்தில் வைத்திருந்தான். 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர் தரையிற் சோழிகளை வைத்து, ஏடு எதனையும் நோக்காமல் நினைவினாலேயே கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் என்பார் வியந்து பதிவு செய்துள்ளார்.

அக்கணிதரிடம் இருந்தவை இரண்டு: கணிக்கும் செயல்முறை ஒன்று, அச்செயல்முறை பயன்கொள்ளும் மதிப்புகள் மற்றொன்று. இரண்டும் ஒருவரிடத்தே பிரியாமல் நின்றன. கணினி நூலார் ‘குளோஷர்’ என்பதும் இத்தகையதொரு பிணைப்பையே. ஒரு செயல்முறை எங்கே பிறந்ததோ, அவ்விடத்துப் பெயர்களையும் மதிப்புகளையும் தன்னோடு கட்டிக்கொண்டு செல்லுமாயின் அது குளோஷர் ஆகும். 1964இல் பீற்றர் லாண்டின் என்ற ஆங்கிலேயர் இப்பெயரை இட்டார். அதற்கு முன்னரே ஜான் மக்கார்த்தி ஆக்கிய லிஸ்ப் மொழியில், செயல்முறையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பினால் அது பிறந்த இடத்து மதிப்பை மறந்து, சென்ற இடத்து மதிப்பை எடுத்துக்கொள்ளும் இடர்ப்பாடு இருந்தது. அராலிக் கணிதர் வேற்றூர் சென்றதும், தம் வாக்கியத்தை விட்டு அவ்வூரார் சொல்லும் எண்ணைக் கொண்டு கணிப்பது போன்றது அது.

1975இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜெரால்ட் சஸ்மன், கை ஸ்டீல் ஆகிய இருவரும் ஸ்கீம் என்னும் சிறுமொழியை ஆக்கினர். கார்ல் ஹூவிற் கூறிய ‘ஆக்டர்’, அதாவது செய்தியைப் பெற்று வினைபுரியும் தனியுறுப்பு, எவ்வாறு இயங்குகிறது என்றறிவதே அவர்தம் நோக்கம். ஆக்டருக்கு ஒரு பகுதியும் சாதாரணச் செயல்முறைக்கு ஒரு பகுதியும் தனித்தனியே எழுதினர். எழுதி முடித்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்றாகவே இருந்தன! செய்தி கேட்டு விடையிறுக்கும் பொருளைப் படைக்கத் தனியானதோர் அமைப்பு வேண்டுவதில்லை, குளோஷரே போதும் என்பது இவ்வாறு எதிர்பாராது வெளிப்பட்டது.

இடைமுகம் என்பதும் இங்கேதான் பொருந்துகிறது. வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து உறுப்பே பஞ்சாங்கம். கேட்கத்தக்க ஐந்து வினாக்களின் பெயர்ப்பட்டியல் அது. விடை காணும் வழியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கோயிற் பூசைக் காலத்தைக் குறிக்கும் நிரல் ஒன்றுக்கு அவ்வைந்தும் கிடைத்தால் அமையும். இயங்குநிலை மொழியில், வாக்கிய அட்டவணையை உள்ளே அடக்கி ஐந்து சிறு செயல்முறைகளைக் கட்டித் தரும் ஒரு பெருஞ்செயல்முறையை எழுதலாம். திருக்கணித முறைக்கு இன்னொன்றை எழுதலாம். இரண்டும் ஒரே பெயர்களில் ஐந்தைத் தருமாயின் கோயில் நிரலில் ஓரெழுத்தும் மாற்ற வேண்டுவதில்லை. உள்ளிருக்கும் அட்டவணையை வெளியார் தொடவும் முடியாது. 1995இல் பிரெண்டன் ஐக் ஆக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதுவோர் நெடுங்காலமாக இவ்வாறே எழுதி வருகின்றனர்.

ஆனால் இதில் இரண்டு இடர்கள் உள. அதே 1995இல் வெளிவந்த ஜாவா மொழியில், இன்ன இடைமுகத்தை நிறைவேற்றுகிறேன் என்று எழுதியவன் ஐந்தில் ஒன்றை விட்டால் நிரல் ஓடுமுன்பே குற்றம் காட்டப்படும். இயங்குநிலை மொழியோ பொதுவாக அவ்வாறு தடுப்பதில்லை. கரணத்தை எழுத மறந்தது, எவரேனும் கரணங் கேட்கும் நாளிலேதான் வெளிப்படும். மற்றையது இதனினும் பெரிது. ஐந்து பெயரும் சரியாக இருந்தும் விடை பிழைபடலாம். அப்பிழையை எந்த இடைமுகமும் காட்டாது. 1829இல் இரு தரப்பாரும் ஒரே வினாவுக்கே விடை கூறினர். விடையின் மெய்ம்மையை வானமே காட்டிற்று.

உள்ளே மூடியிருந்ததைத் திறந்து காட்டியவரும் அச்செமினரியிலேயே இருந்தார். பின்னாளில் அதன் தலைவரான ஹொய்சிங்டன் பாதிரியார், இந்து வானக் கணிதத்தை மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் 1848இல் யாழ்ப்பாணத்தில் நூலாக்கினார். செமினரி 1855இல் மூடப்பட்டது. வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கமும் இன்றும் யாழ்ப்பாணத்தில் அச்சாகின்றன. சில ஆண்டுகளில் ஒரே விரதம் இரு பஞ்சாங்கங்களிலும் வெவ்வேறு நாளில் வருகின்றது. அவ்வேளைகளில் எதனைக் கைக்கொள்வது என்பதைக் கோயிலாரும் வீட்டாரும் தாமே முடிவு செய்துகொள்கின்றனர்.