போடி ரயிலும் சிசோமின் கூரைகளும்

போடிக்காரர்களுக்குப் பழகிய திசை இரண்டு. மேற்கே ஏறினால் கேரள எல்லையில் போடிமெட்டு, கிழக்கே போனால் மதுரை. விடிகிற நேரத்தில் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிறவர்கள் ஒரு பக்கம். கோர்ட்டு, ஆஸ்பத்திரி, கல்யாணச் சேலை என்று மதுரைக்குப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். மதுரையில் கொஞ்சமும் மெட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சமுமாக எடுத்துக்கொண்டு போய் ஒரு வெள்ளைக்காரர் மெட்ராஸில் கட்டடம் கட்டினார் என்றால் இரண்டு பக்கத்தாரும் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் நடந்தது.

அவருடைய கட்டடங்களைப் பார்க்க நமக்கு இப்போது நேர் ரயிலே இருக்கிறது. 1928-ல் போடிக்கு வந்த மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் மூடப்பட்டது. அதன்பிறகு பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் போடியில் ரயில் சத்தமே இல்லை. 2023 ஜூன் 15 முதல் சென்னை சென்ட்ரலுக்கு வாரம் மூன்று நாள் ரயில். மதுரையிலிருந்து சென்னை போகும் ரயில்களில் பெரும்பாலானவை எழும்பூரில் நிற்பவை. போடி ரயிலோ கரூர், நாமக்கல், சேலம், காட்பாடி என்று சுற்றிக்கொண்டு சென்ட்ரலில் கொண்டுபோய் விடுகிறது. எழும்பூரில் இறங்கியிருந்தால் ஹென்றி இர்வின் வரைந்த நிலையத்தில் இறங்கியிருப்போம். சென்ட்ரலில் நம்மை வரவேற்பவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிசோம். நிலையத்தை முதலில் வடிவமைத்தவர் ஜார்ஜ் ஹார்டிங். கடிகாரக் கோபுரமும் மற்றக் கோபுரங்களின் தலைக்கூரையும் சிசோமின் கைவண்ணம்.

1840-ல் பிறந்த சிசோம், இருபத்தைந்து வயதை ஒட்டி மெட்ராஸுக்கு வந்தார். மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக செனட் ஹவுஸுக்கும் வரைபடம் கேட்டு அரசு நடத்திய போட்டியில் அவருடைய வரைபடங்கள் வென்றன. மெரினாவுக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு கட்டடங்களையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். மாநிலக் கல்லூரி 1870-ல் திறக்கப்பட்டது. சாயல் முழுக்க இத்தாலி. (அதன் குவிமாடக் கடிகாரம் பின்னால் வந்தது, அதைச் சிசோம் கணக்கில் எழுதாதீர்கள்.) அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் செனட் ஹவுஸ். நாலு மூலையிலும் கோபுரம், வளைவுகள், வண்ணக் கண்ணாடி, சிற்பத் தூண்கள். இரண்டும் ஒரே மனிதர் வரைந்தவை என்று சொன்னால்தான் தெரியும்.

இடையில் என்ன நடந்தது? மதுரை நடந்தது என்பேன்.

1866-லிருந்து 1872 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் நேப்பியர் பிரபு. இந்த நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் இந்த நாட்டுக் கட்டடக் கலைதான் ஒத்துவரும் என்ற கட்சிக்காரர். பாழடைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்க்க அவர் உத்தரவிட்டபோது வேலை சிசோமிடம் வந்தது. 17-ம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மகாலில் பெரும்பகுதியை அவர் பேரன் சொக்கநாத நாயக்கரே திருச்சிக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார் என்பது நம் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. மிச்சமிருந்ததைச் சிசோம் அளந்தார், வரைந்தார். லண்டனில் கட்டடக் கலைஞர்கள் சங்கத்துக்கு மகாலைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். ஆள் கட்டிப்பிடித்தாலும் அடங்காத தூண், அதன்மேல் இலைவடிவ வளைவு, அதற்கும் மேலே குவிமாடம். கோயிலும் சுல்தான் அரண்மனையும் சண்டையில்லாமல் ஒரே கூரைக்குள் சேர்ந்திருக்கும் அந்தப் பாடம் வேறு எங்கே கிடைத்திருக்கும்?

மதுரை நாயக்கர்களின் 72 பாளையங்களில் போடியும் ஒன்று. அந்த வகையில் மகால் நமக்கும் பாத்தியப்பட்டது. பழுதுபார்த்த மகாலில் 1970 வரை மாவட்ட நீதிமன்றம் நடந்தது. தேனி தனி மாவட்டமாவதற்கு முந்தைய காலம் அது. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை என்று வாய்தாவுக்கு மதுரை போன போடிப் பெரியவர்கள் வக்கீலுக்காகக் காத்து நின்றது சிசோம் பழுதுபார்த்த தூண்களின் அடியில்தான்.

அடுத்த பாடம் மேற்கே. திருவனந்தபுரத்தில் 1880-ல் முடிந்த நேப்பியர் அருங்காட்சியகத்துக்காக அவர் மலையாளக் கூரையைப் படித்தார். மெட்டு ஏறி இறங்கியவர்களுக்கு அந்தக் கூரை புதிதல்ல. தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வெறும் காற்றாக இறங்குகிறது. அதனால் அங்கே செங்குத்தாகச் சரியும் ஓட்டுக்கூரை, இங்கே தட்டையான மச்சு. அந்தச் சரிவுக் கூரையைச் சிசோம் மெட்ராஸ் கடற்கரைக்கே தூக்கிக்கொண்டு வந்தார். 1884-ல் திறந்த பொது அஞ்சலகத்தின் உயரமான கோபுரங்களுக்கு ‘திருவிதாங்கூர் தொப்பி’ மாட்டினார். பிற்காலத்தில் அவற்றைக் கழற்றிவிட்டார்கள். 2000-ல் ஒரு தீவிபத்தும் அந்தக் கட்டடத்தை உள்ளே பதம் பார்த்தது. ராஜாஜி சாலையில் நின்று பார்த்தால் தலைப்பாகை இழந்த மிராசுதார் மாதிரிதான் எனக்குத் தெரிகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்ட்ரலை ஒட்டியே விக்டோரியா பப்ளிக் ஹால். கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்கள் அரங்கேறிய இடம். அண்ணா சாலையில் பி. ஆர் அண்டு சன்ஸ் கடிகாரக் கடை. சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாபின் இரண்டு மகால்களுக்கு நடுவே சிசோம் எழுப்பிய கோபுரத்தைப் பலரும் நவாப் காலத்தது என்றே நினைக்கிறார்கள். அவ்வளவு ஒட்டவைத்தது திறமையா, சரித்திரத்தைக் குழப்பியதா என்று என்னால் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. ஆனால் ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க நேரம் உண்டு என்றால் என் ஓட்டு செனட் ஹவுஸுக்கே. 1937-ல் ராஜாஜி முதல் அமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் கூடியதும் அங்கேதான்.

மெட்ராஸுக்குப் பிறகு சிசோம் பரோடா போனார், சார்லஸ் மாண்ட் பாதியில் விட்டு இறந்த லட்சுமி விலாஸ் அரண்மனையை முடித்தார், லண்டன் திரும்பி ஒரு தேவாலயம் கட்டினார், 1915-ல் இறந்தார்.

போடி ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்ட்ரல் வாசலில் ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதற்கு முன் நாலு அடி முன்னால் வந்து திரும்பி நின்று, அண்ணாந்து பாருங்கள். அந்தக் கோபுரங்களின் தலையில் இருப்பது மெட்டுக்கு அந்தப் பக்கத்துக் கூரை.

(தொடரும்)