விழுந்ததும் எழாததும்: ஜப்பானிய வருமானப் பங்கீடும் ஒரு தஞ்சை ஒப்பீடும்

1938இல் ஜப்பானின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, உச்சியில் இருந்த ஒரு சதவீதத்தினரிடம் சேர்ந்தது. 1945இல் அது 6.4 சதவீதம். வரிக் கணக்குகளிலிருந்து இந்தத் தொடரைத் தொகுத்தவர்கள் பொருளியலாளர்கள் மொரிகுச்சியும் சாயெஸும். தொழில் வளரும்போது ஏற்றத்தாழ்வு முதலில் கூடும், பிறகு தணியும் என்று பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ் 1955இல் சொன்னார். அவர் சொன்னது தலைமுறைக் கணக்கு. ஏழே ஆண்டுச் சரிவு அதற்குள் அடங்காது.

சரித்தது போர். பங்காதாயத்துக்கு உச்சவரம்பு வந்தது. பணவீக்கமும் குண்டுவீச்சும் சொத்தைத் தின்றன. கிராமத்தில் நடந்ததுதான் நுட்பமானது. ராணுவத்துக்கும் நகரத்துக்கும் அரிசி வேண்டியிருந்ததால், அரசு அதைக் குத்தகைக்காரரிடமே நேராகக் கொள்முதல் செய்தது. அதுவரை மூட்டையாக நிலக்காரர் வீடு போன வாரம், அதாவது விளைச்சலில் அவர் பங்கு, பணமாயிற்று. விளைவித்தவருக்கு ஊக்கத்தொகை உண்டு, நிலக்காரருக்கு இல்லை. விலைவாசி ஏற ஏற, கைக்கு வந்த குத்தகைப் பணம் செல்லாக்காசாகிக்கொண்டே போனது. சமத்துவம் அங்கே யாருடைய நோக்கமும் அல்ல.

எனவே, நிலச் சீர்திருத்தம்தான் ஜப்பானைச் சமன்படுத்தியது என்ற வழக்கமான விளக்கம் காலவரிசையிலேயே இடறுகிறது. சீர்திருத்தச் சட்டம் 1946 அக்டோபரில்தான் வந்தது. உச்சத்தாரின் பங்கு அதற்கு முன்பே விழுந்துவிட்டது. நாம் கேட்க வேண்டியது வேறு: பிந்தைய பெருவளர்ச்சிக் காலத்திலும் அது ஏன் பழைய உயரத்துக்கு எழவில்லை?

பெருஞ்சொத்துகள் மீது 90 சதவீதம் வரை விதித்த 1946ஆம் ஆண்டு வரியும், பெருங்குழும நிறுவனங்களின் கலைப்பும் விடையின் ஒரு பகுதி. மறுபகுதி ஊர்தோறும் அமைந்த நிலக் குழுக்களில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் குத்தகைக்காரர் ஐவர், நிலக்காரர் மூவர், சொந்த நிலத்தில் உழுபவர் இருவர், எல்லோரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எந்த வயலை யார் உழுகிறார் என்பது அந்த ஐவருக்கும் மனப்பாடம். 1945 நவம்பர் 23இல் நிலம் யார் கையில் இருந்ததோ அதுவே கணக்கு என்றதால், பிறகு பெயர் மாற்றி எழுதிப் பயனில்லை. வெளியூர் நிலக்காரரின் குத்தகை நிலம் முழுவதும், உள்ளூர்க்காரரிடம் பெரும்பாலான பகுதிகளில் ஏறத்தாழ ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்டதும் வாங்கப்பட்டன. விலையோ பழையது, பணவீக்கத்தில் அது பெயரளவுக்கே விலை. சாகுபடி நிலத்தில் 46 சதவீதமாக இருந்த குத்தகை, பத்து சதவீதமளவுக்குக் குறைந்தது.

இச்சீர்திருத்தத்தை வடிவமைப்பதில் பங்காற்றிய உல்ஃப் லடெஜின்ஸ்கி பிறகு இந்தியாவுக்கு வந்தார். தீவிர வேளாண் திட்ட மாவட்டங்களின் குத்தகை நிலை பற்றிய அவரது ஆய்வைத் திட்டக்குழு 1965இல் வெளியிட்டது. அவர் ஆராய்ந்த ஐந்து மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. மாவட்ட அளவில் உச்சத்தாரின் பங்கை வரிக் கணக்கிலிருந்து எடுக்க வழியில்லை. மத்திய வருமான வரி வேளாண் வருமானத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் சட்டத்தைக் களத்துமேட்டில் வைத்துப் பார்க்கலாம். சென்னை மாநிலத்தின் 1956ஆம் ஆண்டுச் சட்டம் நீர்ப்பாசன நிலத்துக்கு விளைச்சலில் 40 சதவீதமே நியாய வாரம் என்றது. 1961இல் நில உடைமைக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) உச்சவரம்பு வந்தது. மிராசுதார் குடும்பங்கள் பினாமிப் பெயர்களில் நிலத்தைப் பிரித்து எழுதின. வாரம் அளந்த குத்தகைதாரரிடம் பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்கவில்லை, வாய்ப்பேச்சுதான். ஜப்பானிய நிலக் குழுவின் ஐவருக்கு மனப்பாடமாக இருந்ததை, அதாவது சாகுபடி செய்பவர் இன்னார் என்பதை, இங்கே பதிவேட்டில் எழுதுவதற்கான தனிச் சட்டம் 1969இல்தான் வந்தது.